அப்பாவுக்கு இன்னும் என்ன செய்யலாம்?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

போன இதழில், மூச்சுவிட உதவும் கருவியான வென்டிலேட்டர் எந்த நோயாளிக்குக் கைகொடுக்கும், எவருக்குக் கைகொடுக்காது என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மும்பையின் பல மூலைகளிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. வழக்கமாக வரும் சர்க்கரை, மூட்டுவலிக் கேள்விகளை இம்முறை ஒத்திவைத்துவிட்டேன். மயக்க மருத்துவராகத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது வலி தணிப்பு மருத்துவராக சயான், தாராவி, செம்பூர், முலுண்டு என்று வீடுவீடாகப் போய்க்கொண்டிருப்பவள் நான். இந்தக் கடிதங்களில் இருக்கும் தவிப்பைத் தினமும் நேரில் பார்க்கிறேன். எழுதியவர்களின் பெயர்களையும் அடையாளங்களையும் நீக்கி, கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: என் அப்பாவுக்கு 81 வயது. பல ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். ஓராண்டாகப் படுத்த படுக்கை. சாப்பாடு புரையேறி நிமோனியா வந்து, வென்டிலேட்டரில் வைத்து மூன்று வாரம் ஆகிறது. இப்போது சிறுநீரகமும் கைவிட்டுவிட்டது. தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைக்க வேண்டும், டயாலிசிஸ் செய்ய வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். “செய்தால் பிழைப்பாரா?” என்று கேட்டால், “முயன்று பார்க்கலாம், முடிவு உங்களுடையது” என்கிறார்கள். நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணன், எதையும் விட்டுவிடாதே, எல்லாவற்றையும் செய் என்கிறார். அம்மா வாயே திறப்பதில்லை. வேண்டாம் என்று நான் சொன்னால், பெற்ற அப்பாவை நானே கொன்றதாக ஆகிவிடாதா?
– செம்பூர் வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆகாது. அப்பாவின் உயிரைக் கொண்டுபோய்க்கொண்டிருப்பது அவருடைய நோய். நீங்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போடுவதாலோ போடாமல் இருப்பதாலோ அந்த நோய் வந்துவிடவில்லை.

“முடிவு உங்களுடையது” என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போனார்களே, அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. மூன்று வாரமாகத் தூங்காத ஒரு மகனிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? இங்கே இரண்டு முடிவுகள் இருக்கின்றன. டயாலிசிஸ் செய்தால் உங்கள் அப்பா மறுபடி வீட்டுக்கு வந்து, கண்ணைத் திறந்து, மனிதர்களை அடையாளம் காணும் நிலைக்குத் திரும்புவாரா என்பது மருத்துவ முடிவு. அதற்குப் படித்து, அதற்காகவே சம்பளம் வாங்குகிறவர்கள் நாங்கள். அந்தப் பாரத்தை நாங்கள்தான் சுமக்க வேண்டும். திரும்ப வாய்ப்பில்லை என்றால், “இதை நான் செய்யச் சொல்ல மாட்டேன்” என்று மருத்துவரே வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அப்பா எப்படிப்பட்டவர், எதைத் தாங்கிக்கொள்வார், எதை அவமானமாக நினைப்பார் என்பது உங்களுக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும். உங்களிடம் கேட்க வேண்டியது அது ஒன்றைத்தான்.

மருத்துவர்கள் ஏன் நழுவுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். வழக்கு வருமோ என்ற பயம், உறவினர்கள் அடிக்க வருவார்களோ என்ற பயம், சட்டம் என்ன சொல்கிறது என்று சரியாகத் தெரியாமை. சில இடங்களில், படுக்கை நிறைந்திருந்தால்தான் கணக்கு நேராகும் என்ற நிர்வாகத்தின் நெருக்கடியும் உண்டு. இவற்றில் எதுவும் அந்தப் பாரத்தை உங்கள் தலையில் இறக்கிவைப்பதற்கு நியாயமாகாது.

நாளைக்கே தலைமை மருத்துவரிடம் நேரம் கேளுங்கள். ஐ.சி.யூ. வாசலில் நின்றபடி பார்வையாளர் நேரத்தில் ஐந்து நிமிடம் பேசுவது போதாது. ஓர் அறையில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று சொல்லுங்கள். உட்கார்ந்ததும் “பிழைப்பாரா?” என்று கேட்காதீர்கள். அதற்கு யாரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள். “இதெல்லாம் நினைத்தபடி நடந்தால், மூன்று மாதம் கழித்து அப்பா எப்படி இருப்பார்?” என்று கேளுங்கள். பிறகு, “உங்கள் அப்பாவாக இருந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பொய் சொல்லும் மருத்துவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

எல்லாவற்றையும் செய் என்கிறாரே அண்ணன், அதற்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று கைகள் இரண்டையும் துணிப்பட்டியால் கட்டிலோடு கட்டியிருப்பார்கள். சளியை உறிஞ்ச ஒரு மெல்லிய குழாயைத் தொண்டைக்குள் விடும்போதெல்லாம் உடம்பு முழுதும் தூக்கிப்போடும். இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க மணிக்கட்டுத் தமனியில் திரும்பத் திரும்பக் குத்துவார்கள். அந்த இடம் கருநீலமாக வீங்கியிருக்கும். டயாலிசிஸ் என்றால் கழுத்திலோ தொடையிலோ விரல் பருமன் குழாய் ஒன்று ஏறும். இதயம் நின்றால் நெஞ்சை அழுத்துவார்கள். இந்த வயதில் விலா எலும்பு முறிவது சாதாரணம். குணமாகக்கூடிய ஒருவருக்கு இதையெல்லாம் செய்வது மருத்துவம். நானே ஆயிரக்கணக்கானவர்களுக்குச் செய்திருக்கிறேன், எழுந்து நடந்து வீட்டுக்குப் போனவர்கள் நிறைய உண்டு. டெங்கு வந்த இருபது வயதுப் பெண்ணுக்கு இவ்வளவும் செய்யத்தான் வேண்டும், தயங்கவே கூடாது. திரும்ப வழியில்லாத உடம்புக்குச் செய்யும்போது வேதனை மட்டும்தான் மிஞ்சுகிறது.

அண்ணனைக் குற்றம் சொல்லாதீர்கள். அப்பா படுக்கையில் கிடந்த இந்த ஓராண்டை அவர் பார்க்கவில்லை. அவர் மனத்தில் இருப்பது, கடைசியாக விமான நிலையத்துக்கு வந்து வழியனுப்பிய அப்பா. அருகில் இருந்து எதுவும் செய்ய முடியவில்லையே என்ற வலிதான் அவரை அப்படிப் பேசவைக்கிறது. மருத்துவருடன் நீங்கள் உட்காரும்போது அவரையும் வீடியோ அழைப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். தம்பி சொல்லிக் கேட்காததை மருத்துவர் சொன்னால் கேட்பார். முடிந்தால் அப்பாவின் முகத்தையும் கைகளையும் அவருக்குக் காட்டுங்கள்.

அம்மாவைத் தனியாக ஒரு மாலை உட்காரவைத்து, “என்ன செய்யலாம்?” என்று கேட்காமல், “அப்பா இப்போது எழுந்து பேச முடிந்தால் என்ன சொல்வார்?” என்று கேட்டுப் பாருங்கள். ஐம்பது அறுபது வருடம் கூட வாழ்ந்தவர். அவருக்குப் பதில் தெரியும். தன் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறதே என்றுதான் பேசாமல் இருக்கிறார்.

உங்கள் எல்லாருக்கும் மனம் ஒப்பவில்லை என்றால் நடுவழி ஒன்று உண்டு. டயாலிசிஸை ஐந்து நாளுக்கு மட்டும் செய்து பார்ப்போம், அதற்குள் இன்ன இன்ன மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுவோம் என்று தொடங்கும்போதே மருத்துவருடன் பேசி, நோயாளியின் கோப்பில் எழுதிவைத்துவிடுவது. இதில் பலருக்கு ஒரு தயக்கம் வருகிறது: தொடங்காமல் இருப்பது சரி, தொடங்கியதை நிறுத்துவது பாவம் என்று. மருத்துவ அறமும் சட்டமும் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கின்றன. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். தொடங்கினால் நிறுத்தவே கூடாது என்று வைத்துக்கொண்டால், பிழைக்க ஓரளவு வாய்ப்புள்ளவருக்குக்கூட வென்டிலேட்டரைத் தொடங்கக் குடும்பங்கள் பயப்படும். அந்தப் பயத்தால் பிழைத்திருக்க வேண்டியவர்கள் போய்விடுவார்கள்.

நிறுத்துவது என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போவது என்று நினைக்க வேண்டாம். முதலில் மூச்சுத்திணறல் தெரியாதபடி மார்ஃபினும் தூக்க மருந்தும் கொடுப்போம். தேவையில்லாத ஊசிகளையும் அலாரங்களையும் நிறுத்துவோம். கைக்கட்டை அவிழ்ப்போம். குடும்பம் பக்கத்தில் உட்கார இடம் செய்வோம். அதன் பிறகுதான் கருவி. யாராவது திருநீறு பூச வேண்டும், கங்கை நீரோ ஒரு சொட்டுப் பாலோ உதட்டில் தொட்டுவைக்க வேண்டும் என்றால் அதற்கும் வழி செய்து தர வேண்டும். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மருத்துவமனையில் யாராவது “சட்டம் இடம் கொடுக்காது” என்று சொல்லக்கூடும். 2018 மார்ச் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. அதற்கு வகுத்த நடைமுறை மிகவும் சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரியில் அதை எளிமையாக்கியது. சிகிச்சை தரும் மருத்துவரும், குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் கொண்ட முதல் குழு பார்க்க வேண்டும். பிறகு, மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவர் அடங்கிய இரண்டாவது குழு பார்க்க வேண்டும். ஒவ்வொரு குழுவும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். குடும்பத்தின் ஒப்புதலோடு, மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தந்துவிட்டு நிறுத்தலாம். அனுமதிக்காக நீதிமன்றப் படியேற வேண்டியதில்லை. குழுக்கள் மறுத்தால்தான் உயர் நீதிமன்றம். பல மருத்துவமனைகள் இந்தக் குழுக்களை இன்னும் அமைக்கவே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். உங்கள் மருத்துவமனையில் இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் அசைவார்கள்.

கேள்வி: எங்கள் பூர்விகம் விருதுநகர்ப் பக்கம். அந்தக் காலத்தில் வெகுநாள் படுத்துக் கிடக்கும் பெரியவர்களுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, இளநீர் கொடுத்து “அனுப்பிவைப்பார்கள்” என்று ஆச்சி சொல்வார். அதைத் தலைக்கூத்தல் என்பார்கள். அதைக் குற்றம் என்கிறீர்கள். வென்டிலேட்டரை எடுப்பதை மட்டும் சரி என்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதானே?
– தாராவி வாசகர்

பதில்: ஒளிக்காமல் கேட்டதற்கு நன்றி ஐயா. என் சொந்த ஊரும் தெற்கில்தான்; இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

இரண்டும் ஒன்றல்ல. தலைக்கூத்தலுக்கு ஆளாகும் கிழவி பெரும்பாலும் சாகக் கிடப்பவள் அல்ல. முடியாமல் கிடக்கிறாள், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அவ்வளவுதான். விடியற்காலையில் உடம்பு முழுக்க எண்ணெய் வைத்துக் குளிர்ந்த நீரை ஊற்றி, அதன்மேல் இளநீரையும் கொடுத்தால் தளர்ந்த உடம்பின் வெப்பம் சரிகிறது, சளிக்காய்ச்சல் வருகிறது, சிறுநீரகம் தாங்குவதில்லை. மரணத்தை அங்கே மனிதர்கள் வரவழைக்கிறார்கள். அவளிடம் யாரும் கேட்பதும் இல்லை. அது கொலை. பாசத்தோடு செய்தாலும் கொலைதான்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும். செய்த பிறகும் அவர் சாகவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? தலைக்கூத்தலில், அடுத்த வாரம் மறுபடி ஊற்றுவார்கள். நான் வென்டிலேட்டரை எடுத்த பிறகு ஒருவர் தானாக மூச்சுவிட்டு நாலு நாள் இருந்தால், நாலு நாளும் வாய் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, வலிக்கு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்வேன். பிழைத்துவிட்டால் மகிழ்ச்சியோடு வீட்டுக்கு அனுப்புவேன். அவருடைய சாவை நான் வேண்டவில்லை. பயனில்லாத துன்பத்தைத்தான் எடுத்தேன். உயிரைப் போக்குவதற்கென்றே ஊசி போடுவது இந்தியாவில் இன்றும் குற்றம். 2018 தீர்ப்பு அதை அனுமதிக்கவில்லை, அனுமதிக்க வேண்டும் என்று நானும் கேட்கவில்லை.

உங்கள் கேள்விக்குப் பின்னால் ஒரு நியாயமான பயம் இருக்கிறது. “பயனில்லை” என்ற பேச்சைத் தொடங்கினால் அது ஏழையின் மேலும், ஊனமுற்றவர் மேலும், வயதானவர் மேலும் போய் விழாதா? விழக்கூடும். அதனால்தான் நான் சிகிச்சையைத்தான் பயனில்லாதது என்பேன், ஒரு மனிதரை அப்படிச் சொல்லவே மாட்டேன். தாராவியிலிருந்து சற்றுத் தொலைவில் பரேலில் இருக்கிறது கே.இ.எம். மருத்துவமனை. அங்கே செவிலியராக இருந்த அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் கொடூரமாகத் தாக்கப்பட்டு, நினைவு திரும்பாமல் 42 ஆண்டுகள் அதே மருத்துவமனையில் கிடந்தார். அவருக்கு உணவை நிறுத்திவிட அனுமதி கேட்டு ஓர் எழுத்தாளர் தொடுத்த வழக்கில், 2011இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அவரைத் தங்களில் ஒருவராக வைத்துப் பார்த்துக்கொண்ட அந்த மருத்துவமனை ஊழியர்கள் அது வேண்டாம் என்றார்கள். நீதிமன்றம் அவர்கள் பேச்சை மதித்தது. 2015 மே மாதம் நிமோனியா வந்து அவர் இறந்தார். அந்தச் செவிலியர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த பணிவிடையை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது. அருணாவை ஒரு கருவியும் பிடித்துவைத்திருக்கவில்லை. அவர் உயிரோடு இருந்தார், ஊட்டினார்கள், பார்த்துக்கொண்டார்கள். அவருடைய நிலை வேறு. மூன்று உறுப்புகள் செயலிழந்து, மருந்தின் பலத்தில் இரத்த அழுத்தம் நிற்கும் ஒருவரின் நிலை வேறு. இரண்டையும் ஒரே கூடையில் போட எந்த மருத்துவருக்கும் உரிமை இல்லை.

கேள்வி: அம்மாவுக்கு 86 வயது. மறதி நோய் முற்றிவிட்டது. யாரையும் தெரியவில்லை, பேச்சும் நின்றுவிட்டது. ஒரு மாதமாக இரண்டு மூன்று கரண்டிக்கு மேல் உதட்டை இறுக மூடிக்கொள்கிறார். மூக்கு வழியாகக் குழாய் போடச் சொல்கிறார்கள். வேண்டாமே என்றால், “பெற்ற தாயைப் பட்டினி போட்டா அனுப்பப்போகிறாய்?” என்று நாத்தனார் கேட்கிறார்.
– டோம்பிவிலி வாசகி

பதில்: நாத்தனாரின் கேள்வி நம் எல்லார் வீட்டிலும் கேட்கப்படுவது. ஊட்டுவதுதான் நமக்குப் பாசம். ஊட்டாமல் இருப்பது கொடுமை. அந்த உணர்வு சரியானது, அதை விட்டுவிட வேண்டாம். குழாயை மட்டும் வேண்டாம் என்கிறேன்.

முதலில் திருத்தக்கூடிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள். புண்ணோ வெள்ளைப் படலமோ இருந்தால் ஒவ்வொரு கரண்டியும் எரியும். பல்செட் தளர்ந்து ஈறில் குத்துகிறதா? எத்தனை நாளாக மலம் போகவில்லை? புதிதாகச் சேர்த்த தூக்க மாத்திரை ஏதும் உண்டா? இவற்றைச் சரிசெய்து மறுபடி சாப்பிட ஆரம்பித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இவை எதுவும் இல்லை என்றால், நோய் விழுங்கும் திறனையே எடுத்துக்கொண்டுவிட்டது என்று பொருள். மறதி நோய் முற்றியவர்களுக்குக் குழாய் போட்டால் ஆயுள் கூடுவதில்லை, புரையேறி நிமோனியா வருவதும் குறைவதில்லை என்றுதான் இதுவரை நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. குழாய் வழியே உணவு போனாலும் எச்சில் மூச்சுக்குழாய்க்குள் போவதை யார் தடுக்க முடியும்? என்ன ஏது என்று புரியாமல் அம்மா குழாயைப் பிடுங்குவார். பிடுங்கினால் கையைக் கட்டுவார்கள். கட்டினால் படுக்கைப் புண் வரும். வாழ்நாளெல்லாம் உங்களுக்கு ஊட்டிய கையைக் கட்டிவைத்து அந்த உணவைக் கொடுக்க வேண்டுமா? பக்கவாதம் வந்து தேறிவருகிறவருக்கு, தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுக்கிறவருக்குக் குழாய் பெரிய உதவி. உங்கள் அம்மாவின் நோய் அப்படிப்பட்டதல்ல.

கையால் ஊட்டுங்கள். முதுகுக்குத் தலையணை வைத்து நன்றாக நிமிர்த்தி உட்காரவையுங்கள், தாடை சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். தண்ணீர்போல் ஓடுவதைவிடக் குழைவான கஞ்சி, மசித்த வாழைப்பழம், தயிர் எளிதில் இறங்கும். தேக்கரண்டியில் பாதி. தொண்டை ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகு அடுத்தது. முகத்தைத் திருப்பினால் நிறுத்திவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கலாம். மூன்று கரண்டிதான் இறங்கியது என்றால் இன்றைக்கு அதுதான் அவருடைய சாப்பாடு. ஊட்டிய பிறகு அரை மணி நேரம் படுக்கவைக்காதீர்கள்.

ஒரு நாள் அதுவும் நின்றுபோகும். அப்போது உடம்புக்குப் பசியும் தாகமும் பெரிதாகத் தெரிவதில்லை. வாய் உலர்வதுதான் தொந்தரவு. சுத்தமான துணியை நனைத்து உதட்டையும் நாக்கையும் அடிக்கடி ஈரப்படுத்தி, உதட்டில் தேங்காய் எண்ணெய் தொட்டுவையுங்கள். அந்த நேரத்தில் குளுகோஸ் ஏற்றினால் கை கால் வீங்கி, நெஞ்சில் சளி கட்டி, மூச்சு கொரகொரக்கும். உணவு நின்றதால் அவர் போகவில்லை, போகும் காலம் வந்ததால்தான் உணவு நின்றது என்று நாத்தனாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு வேளை அவரையே ஊட்டச் சொல்லுங்கள். நேரில் பார்த்தால் அவருக்கே விளங்கும்.

கேள்வி: மாமனாருக்குப் புற்றுநோய் கல்லீரல், நுரையீரல் எல்லாம் பரவிவிட்டது. ஐ.சி.யூ. பில் கட்டிச் சேமிப்பு தீர்ந்துவிட்டது. வீட்டை விற்றாவது தொடர வேண்டுமா? பணத்துக்காக நிறுத்தினோம் என்ற பழி வருமே?
– முலுண்டு வாசகி

பதில்: வீட்டை விற்காதீர்கள் அம்மா. அந்த நிலைப் புற்றுநோயை ஐ.சி.யூ.வால் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டை விற்றாலும் முடியாது. குணமாகக்கூடிய நோய் என்றால் நான் வேறு பதில் சொல்லியிருப்பேன். மகாராஷ்டிர அரசின் ஜோதிராவ் புலே காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அறக்கட்டளை மருத்துவமனைகள் படுக்கைகளில் பத்து சதவீதத்தை ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னொரு பத்து சதவீதத்தைச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும் என்பது இந்த மாநிலத்தின் விதி. அங்கேயெல்லாம் போய்க் கேளுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. பணம் தீர்ந்ததும் “மருத்துவ ஆலோசனைக்கு எதிராக அழைத்துப் போகிறோம்” என்ற படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வலிக்கு ஒரு மாத்திரைகூடத் தராமல் ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுகிறார்கள். நம் நாட்டில் மிகப் பலரின் சிகிச்சை இப்படித்தான் முடிகிறது. இதைவிடக் கொடுமையான முடிவு எனக்குத் தெரியவில்லை. அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், வலி தணிப்பு மருத்துவர் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். வீட்டுக்கு மார்ஃபின் மாத்திரை வேண்டும். 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, மருத்துவத் தேவைக்கு மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்கியிருக்கிறார்கள். உரிய மருத்துவர் எழுதிக்கொடுத்தால் கிடைக்கும். டாடா நினைவு மருத்துவமனையில் பதிவு செய்தவர் என்றால் அங்குள்ள வலி தணிப்புப் பிரிவின் வீட்டுப் பராமரிப்புக் குழுவைக் கேளுங்கள். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்றால் பாந்த்ராவில் 1986 முதல் நடக்கும் சாந்தி அவேத்னா சதன் இருக்கிறது. முற்றிய புற்றுநோயாளிகளை இலவசமாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். வீட்டில் இறந்தால் மரணத்தின் காரணத்தைச் சான்றளிக்க ஒரு மருத்துவர் வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் மயானத்தில் நிறுத்திவிடுவார்கள். இப்போதே பக்கத்தில் இருக்கும் குடும்ப மருத்துவரை ஒருமுறை வீட்டுக்கு வந்து அவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 74 வயது. கணவர் இல்லை, ஒரே மகன் ஆஸ்திரேலியாவில். நாளை எனக்கு ஒன்று என்றால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று இப்போதே எழுதிவைக்க முடியுமா? தமிழில் எழுதலாமா?
– மாதுங்கா வாசகி

பதில்: முடியும் அம்மா. கட்டாயம் எழுதிவையுங்கள். லிவிங் வில் என்று சொல்லப்படும் இந்த மருத்துவ உயில் 2018 முதல் செல்லும். முன்பு மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டியிருந்தது. 2023க்குப் பிறகு இரண்டு சாட்சிகள் முன்னிலையில் நீங்கள் கையெழுத்திட்டு, நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்றொப்பம் இட்டால் போதும். சாட்சிகள் உங்கள் சொத்தில் பங்கு இல்லாதவர்களாக இருப்பது நல்லது.

தமிழில் தாராளமாக எழுதுங்கள். மனத்தில் இருப்பது அப்போதுதான் சரியாக வரும். ஆனால் மும்பையில் உங்களுக்கு வைத்தியம் பார்க்கப்போகிறவர் மராட்டியராகவோ குஜராத்தியாகவோ இருக்கலாம். ஆங்கில வடிவம் ஒன்றையும் செய்து இரண்டிலும் கையெழுத்திட்டு, இரண்டுக்கும் சான்றொப்பம் வாங்கிவிடுங்கள்.

உங்களால் பேச முடியாதபோது உங்களுக்காகப் பேசப்போகிறவர் யார் என்று எழுத வேண்டும். ஒருவருக்கு மேல் குறிப்பிடலாம். மகனை எழுதுங்கள், கூடவே இந்த ஊரிலேயே இருக்கும் ஒருவரையும் எழுதுங்கள். நள்ளிரவில் ஐ.சி.யூ. வாசலுக்கு வந்து நிற்கக்கூடியவராக, மகன் எதிர்த்துப் பேசினாலும் உங்கள் பேச்சைச் சொல்லும் துணிவுள்ளவராக அவர் இருக்க வேண்டும். சொந்தக்காரர்தான் வேண்டும் என்பதில்லை.

“கருவி வேண்டாம்” என்று மொட்டையாக எழுதாதீர்கள். நாளைக்கே நிமோனியா வந்து இரண்டு நாள் வென்டிலேட்டரில் இருந்து எழுந்து வரக்கூடிய நிலையிலும் அந்த வரி உங்களுக்கு எதிராக நிற்கும். எந்த நிலையில் வேண்டாம் என்று எழுதுங்கள். நானும் எனக்கு எழுதிவைத்திருக்கிறேன். என் பிள்ளைகளை அடையாளம் தெரியாமல், அந்த நிலை மாறாது என்று இரண்டு மருத்துவர்கள் சொன்னால், வென்டிலேட்டரோ டயாலிசிஸோ நெஞ்சை அழுத்துவதோ வேண்டாம் என்று அதில் இருக்கிறது. எந்த நிலையிலும் வலிக்கு மருந்தைக் குறைக்கக் கூடாது என்றும் இருக்கிறது. ஐ.சி.யூ.வில் வைக்காமல் சாதாரண அறையில் வைக்க வேண்டும், ஜன்னல் இருந்தால் நல்லது என்றும் எழுதியிருக்கிறேன். நீங்கள் உங்களுக்கு எது முக்கியமோ அதை எழுதுங்கள். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம், மாற்றி எழுதலாம். நினைவோடு பேசக்கூடிய நிலையில் நீங்கள் இருக்கும்வரை தாளைப் பார்க்க மாட்டார்கள், உங்களைத்தான் கேட்பார்கள்.

ஒரு பிரதியை, இந்த உயில்களைப் பாதுகாத்து வைக்க மாநகராட்சி நியமித்திருக்கும் பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும். இந்தப் பொறுப்பாளர்களை அரசு நியமிக்காமல் இழுத்தடித்தபோது மும்பை மருத்துவர் நிகில் தாதார் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அதன் பிறகுதான் மகாராஷ்டிரத்தில் வேலை நகர்ந்தது. கர்நாடக அரசும் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நடைமுறைப்படுத்தும்படி சுற்றறிக்கை அனுப்பியது. உங்கள் வார்டு அலுவலகத்தில் யார் பொறுப்பு என்று கேளுங்கள். முதல் முறை கேட்கும்போது தெரியாது என்பார்கள், விடாதீர்கள். இன்னொரு பிரதி குடும்ப மருத்துவரிடம், இன்னொன்று நீங்கள் குறிப்பிட்டிருக்கும் ஆளிடம். உங்களிடம் இருப்பதை வங்கி லாக்கரில் வைக்காதீர்கள். மருந்துச் சீட்டுகள் இருக்கும் கோப்பில் மேலாக வையுங்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கும் இடத்தைக் காட்டிவையுங்கள்.

மகனிடம் தொலைபேசியில் இப்போதே சொல்லிவிடுங்கள். அவர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது உங்கள் குடும்ப மருத்துவரிடம் அவரையும் அழைத்துப் போய், மூவரும் உட்கார்ந்து அந்தத் தாளை ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.